லினஸின் மௌனம்

இயங்குதளங்களின் வரலாறு: அத்தியாயம் 9

சென்ற அத்தியாயத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட பத்தாயிரம் வரி நிரல், 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பெண்ணைப் பெறுவதற்குள் 1,76,250 வரிகளாகப் பெருகிய வரலாற்றைக் கண்டோம். உலகின் பல மூலைகளிலிருந்தும் முன்பின் அறியாத மனிதர்கள் அனுப்பிய திருத்தங்களால் விளைந்த பெருக்கம் அது. எனினும் அத்திருத்தங்களுள் எது லினக்ஸ் கெர்னலில் சேர வேண்டும், எது சேரலாகாது என்று தீர்மானித்தவர் லினஸ் ஒருவரே. அந்த ஒருவரின் கண்ணுக்கும் கைக்கும் அடங்காதபடி வேலை பெருகியபோது என்ன நேர்ந்தது என்பதையும், அதன் பயனாகப் பரிசீலனை என்னும் காரியத்தின் அமைப்பே எவ்வாறு மாறியது என்பதையும் இந்த அத்தியாயத்தில் சொல்ல வேண்டும். 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி 2005ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை நீளும் கதை இது.

பேட்ச் என்னும் விண்ணப்பம்

கெர்னலில் ஒரு மாற்றத்தை விரும்புகிறவர் அதை நேரே கெர்னலில் செய்துவிட முடியாது. தம்மிடமுள்ள பிரதியில் மாற்றத்தைச் செய்து, ஓட்டிப் பார்த்து, பழைய பிரதிக்கும் புதிய பிரதிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பிரித்தெடுத்து, நீக்க வேண்டிய வரிகளுக்கு முன் கழித்தல் குறியும் சேர்க்க வேண்டிய வரிகளுக்கு முன் கூட்டல் குறியும் இட்டு, இடம் விளங்கும்பொருட்டு மேலும் கீழும் மும்மூன்று வரிகளை மாறாமல் வைத்து, இந்த மாற்றம் ஏன் தேவை என்ற காரணத்தை முகப்பில் எழுதி, கடிதமாக அனுப்ப வேண்டும். இதற்குப் பேட்ச் என்று பெயர். வித்தியாசத்தைப் பிரித்தெடுக்கும் 'டிஃப்' என்ற நிரல் 1970களில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. பிரித்தெடுத்ததை வேறொருவரின் பிரதியில் பொருத்தும் 'பேட்ச்' என்ற நிரலை 1985இல் லாரி வால் எழுதினார். இவ்விரண்டு சிறு கருவிகளும் இல்லையேல், ஒருவரை ஒருவர் பாராமலே ஆயிரம் பேர் ஒரே நிரலைச் செப்பனிடும் காரியம் சாத்தியமாகியிராது.

அனுப்பிய கடிதத்தை எவரும் படிக்கலாம், எவரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபிக்கிறவர் குறித்த வரியை எடுத்துக்காட்டி, அதன் கீழேயே தம் அபிப்பிராயத்தை எழுதுவார்: இந்தப் பூட்டை எடுத்த பிறகு அந்தப் பூட்டை எடுத்தால் இரண்டு செயலிகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடந்து இயந்திரமே உறைந்துவிடும் என்றோ, நினைவகம் கிடைக்காத சந்தர்ப்பத்தில் இந்த வழி எங்கே போய் முடியும் என்றோ, இத்தனையும் சரிதான், ஆனால் இந்த வேலை கெர்னலுக்கு உரியதே அன்று என்றோ அந்த அபிப்பிராயம் அமையும். எழுதியவர் பதில் சொல்வார், அல்லது திருத்தி மறுபடியும் அனுப்புவார். இவ்வாறு இரண்டு மூன்று சுற்று நடந்தபின், எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் கடைசித் தீர்ப்பு லினஸிடமிருந்து வர வேண்டும்.

அந்தத் தீர்ப்பு மூன்று விதமாக வந்தது. அடுத்து வெளிவரும் பதிப்பில் திருத்தம் இடம்பெற்றிருந்தால் அது அங்கீகாரம். கடுஞ்சொற்கள் நிறைந்த பதில் ஒன்று வந்தால் அது நிராகரணம். ஆனால் மிகப் பலருக்குக் கிடைத்தது மூன்றாவது வகை, அதாவது ஒரு பதிலும் இல்லாமை. இந்த மௌனத்தின் பொருளை அறிவதுதான் கடினம். படித்துப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கினாரா, நூற்றுக்கணக்கான கடிதங்களுக்கு இடையில் அது அவர் கண்ணிலேயே படவில்லையா என்பதை அனுப்பியவர் அறிய வழியில்லை. உண்மையில் அவசியமான திருத்தமென்றால் அதை எழுதியவர் மீண்டும் மீண்டும் அனுப்புவார், அனுப்பாதவருக்கு அதில் அவ்வளவு சிரத்தை இல்லையென்றே கொள்ளலாம் என்பது லினஸின் வாதம். பத்துப் பேர் எழுதும் நிரலுக்கு அந்த வாதம் பொருந்தும். நிரல் பதினெட்டு லட்சம் வரிகளை நெருங்கிக்கொண்டிருந்த 1998இல் அது பொருந்தவில்லை.

1998: முதல் வெடிப்பு

அப்போது லினஸ் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, டிரான்ஸ்மெட்டா என்னும் சில்லுக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவந்தார். கெர்னல் வேலை அவருடைய நாளின் ஒரு பகுதியே. மறுபுறம், ஸ்பார்க் இயந்திரங்களுக்குக் கெர்னலைக் கொண்டுபோன டேவிட் மில்லர் முதலானோர், லினஸிடம் போய்ச் சேராத திருத்தங்களையெல்லாம் ரட்கர்ஸ் சர்வகலாசாலையின் 'விகர்' கணினியில் ஒரு பொதுப் பிரதியில் சேர்த்துவந்தார்கள். செப்டம்பர் மாத இறுதியில், திரையில் எழுத்துகளைக் காட்டும் பகுதி லினஸின் பிரதியில் பழுதுபட்டிருப்பதாக ஒருவர் முறையிட, அது விகர் பிரதியில் எப்போதோ சரியாகிவிட்டது என்று மறுமொழி வர, வாக்குவாதம் மூண்டது. தமக்கு வந்து சேராத திருத்தங்களுக்குத் தாம் பொறுப்பல்லர் என்றார் லினஸ். பலமுறை அனுப்பியும் பதிலில்லை என்றார்கள் மற்றவர்கள். அலுப்பும் கோபமும் மேலிட்ட லினஸ், சில நாள் எல்லாவற்றிலிருந்தும் விலகியிருக்கப் போவதாக அறிவித்துவிட்டார்.

லினஸ் ஒருவரால் இனித் தாங்காது என்ற பேச்சு அன்று பிறந்தது. அதை ஆட்சேபமாகச் சொன்னவர்கள் பலர். பொறியியல் பிரச்சினையாகக் கண்டவர் லாரி மக்வாய். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் நிரல் மாற்றங்களை நிர்வகிக்கும் கருவி ஒன்றை உருவாக்கிய அனுபவம் அவருக்கு இருந்தது. கெர்னலின் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பான பராமரிப்பாளர் முழு வரலாற்றோடு கூடிய பிரதி ஒன்றைத் தம் வசம் வைத்துக்கொண்டு, பரிசீலித்து முடித்த மாற்றங்களைத் தொகுதி தொகுதியாக மேலே அனுப்பும்படியான கருவி இருந்தால், லினஸ் ஒவ்வொரு பேட்சாகக் கையால் பொருத்திக்கொண்டிருக்க வேண்டாம் என்று அந்த மாதக் கடைசியிலேயே அவர் விரிவாக எழுதினார். அந்த எண்ணமே பின்னர் பிட்கீப்பர் என்ற பெயரில் வியாபாரப் பொருளாக உருவெடுத்தது.

கருவி தயாராகும் வரை பிரச்சினை காத்திருக்கவில்லை. 2001ஆம் ஆண்டு நிகழ்ந்த இரண்டு சம்பவங்கள் அதன் ஆழத்தைக் காட்டின.

நினைவக நிர்வாகமும் நிராகரித்த முறையும்

இயந்திரத்தின் நினைவகம் நிறைந்துவிட்டால் எந்தப் பக்கத்தை வட்டுக்கு அனுப்பி இடம் உண்டாக்குவது என்று முடிவு செய்வது கெர்னலின் மிக நுட்பமான வேலைகளுள் ஒன்று. 2.4 தொடரில் அந்தப் பகுதியை ரிக் வான் ரீல் எழுதியிருந்தார். நிலையான தொடர் என்று பெயர் பெற்ற அதில், நெருக்கடி மிகுந்த வேளைகளில் இயந்திரம் தடுமாறியது. 2001 செப்டம்பரில் 2.4.10 பதிப்பு வெளிவந்தபோது, ரிக்கின் பகுதி முழுவதும் நீக்கப்பட்டு, அதன் இடத்தில் இத்தாலியரான ஆண்ட்ரியா ஆர்காஞ்சலி எழுதிய வேறொரு முறை அமர்ந்திருந்தது. நிலையான தொடரின் நடுவில் இவ்வளவு பெரிய மாற்றமா என்று பலர் திகைத்தனர். தாம் அனுப்பிய திருத்தங்கள் பல பதிலின்றியே மறைந்தன, அவை சேர்ந்திருந்தால் தம் முறை இவ்வளவு கெட்ட பெயர் வாங்கியிராது என்பது ரிக்கின் குறை. வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியில் இருந்த ஆலன் காக்ஸ், லினஸுக்கு அடுத்த ஸ்தானத்தில் மதிக்கப்பட்டவர், தாம் வெளியிட்ட பிரதியில் சில காலம் ரிக்கின் முறையையே வைத்திருந்தார். ஒரே பதிப்பெண்ணின் கீழ் இரண்டு கெர்னல்கள் வழங்கிய விசித்திரம் அப்போது நேர்ந்தது.

எது சிறந்த முறை என்ற தர்க்கத்துக்கு ஆண்ட்ரியாவின் பக்கத்தில் வலுவான காரணங்கள் இருந்தன. புதிய முறை எளிமையானது, பலருடைய இயந்திரங்களில் நன்றாகவும் ஓடியது. குறை தீர்ப்பில் இல்லை. பழைய முறை தீர்ப்புக்கு முன் முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது என்ற நம்பிக்கை, தோற்றவருக்கு உண்டாகாமற் போனதில் இருந்தது.

மற்றொரு சம்பவம், கெர்னலைக் கட்டுவதற்கு முன் எந்தெந்தப் பகுதிகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைப் பற்றியது. எரிக் ரேமண்ட் அதைப் புதிதாக எழுதி, 'சி.எம்.எல்.2' என்று பெயரிட்டார். 2001 மார்ச்சில் சான் ஹோசேயில் கூடிய கெர்னல் மாநாட்டில் அது ஏற்றுக்கொள்ளப்படும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் கெர்னல் கட்டுவதற்குப் பைதான் மொழி தேவைப்படுவதை ஒரு சாரார் வெறுத்தார்கள். பழையதை ஒரே மூச்சில் அகற்றிவிட்டுப் புதியதை நிறுவ வேண்டும் என்ற அதன் ஏற்பாட்டை மற்றொரு சாரார் வெறுத்தார்கள். படிப்படியாகப் பிரித்து அனுப்பினால் ஒவ்வொரு படியையும் தனித்தனியே ஆராயலாம். முழுவதையும் ஒன்றாகக் கொடுத்தால் ஏற்பதும் மறுப்பதும் தவிர மூன்றாவது வழியில்லை. இறுதியில் ரேமண்டின் உழைப்பு வெளியே நின்றது. ரோமன் ஸிப்பெல் எழுதிய எளிய ஏற்பாடு 2002 அக்டோபரில் உள்ளே வந்தது. பெரிய மாற்றமானாலும் சிறு சிறு படிகளாக வர வேண்டும், ஒவ்வொரு படியிலும் கெர்னல் கட்டப்படக்கூடியதாகவும் ஓடக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று இன்று வழங்கும் நியதியின் நியாயம் இந்த நிராகரணத்தில் தெளிவாக விளங்கும்.

பத்து இருபது பேர்

2002 ஜனவரியில் ராப் லேண்ட்லி என்பவர் ஒரு யோசனையை முன்வைத்தார். சிறிய திருத்தங்களையெல்லாம் திரட்டி, ஒழுங்குபடுத்தி, லினஸிடம் சேர்ப்பிக்க ஓர் உதவியாளரை அதிகாரபூர்வமாக நியமிக்க வேண்டும் என்பது யோசனையின் சாரம். 1998இன் மனக்குறைகள் எல்லாம் மீண்டும் மேலே வந்தன. பலநாள் விவாதம் நடந்தது.

லினஸ் அந்த யோசனையை ஏற்கவில்லை. ஆனால் அதை மறுத்த வகையில், அதுவரை யாரும் தெளிவாக எழுதி வைக்காத ஓர் உண்மையை வெளியிட்டார். தாம் நூற்றுக்கணக்கானவர்களோடு நேரே வேலை செய்வதில்லை. தம் நம்பிக்கைக்குரியவர்கள் ஏறக்குறைய பத்து இருபது பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நம்பிக்கைக்குரிய வேறு சிலர் உண்டு. ஆகவே புதிதாக வருகிறவர் லினஸைத் தேடி வருவதைக் காட்டிலும், தம் துறைக்குரிய பராமரிப்பாளரைத் தேடிப் போவதே சரியான வழி என்றார். முன்பின் அறியாத குடும்பத்தில் சம்பந்தம் பேசுகிறவர்கள், இரு வீட்டாரையும் அறிந்த ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பித்தான் முதல் அடி எடுத்து வைக்கிறார்கள். சொன்ன சொல் பொய்த்தால் அடுத்த முறை அவர் பேச்சு எடுபடாது. கெர்னலிலும் லினஸ் நம்பியது பேட்ச்சை மட்டுமல்ல, அதைப் படித்துவிட்டு இது தகும் என்று சொல்லி அனுப்பியவரையும்தான்.

சில நாட்களில், பிப்ரவரி மாதத்தில், லினஸ் பிட்கீப்பரைக் கையாளத் தொடங்கினார். அதற்குமுன் அவரிடம் முறையான மாற்ற வரலாறே கிடையாது. பதிப்பும் அடுத்த பதிப்பும் இருந்தன, இடையில் எந்த வரியை எவர் ஏன் மாற்றினார் என்ற பதிவு இல்லை. இனி ஒவ்வொரு மாற்றத்துக்கும் எழுதியவர் பெயரும் தேதியும் காரணமும் நிலைத்தன. பராமரிப்பாளர்கள் தாம் ஆராய்ந்து சேர்த்தவற்றை மொத்தமாக நீட்ட, லினஸ் அதை அப்படியே தம் பிரதியில் இழுத்துக்கொண்டார். மாற்றங்கள் உட்புகும் வேகம் வெகுவாகக் கூடியது. அவ்வாண்டு ஜூலையில், நினைவகத்தின் ஒரு பக்கத்தை எந்தெந்தச் செயல்கள் பயன்படுத்துகின்றன என்று பின்னோக்கிக் கண்டறியும் ரிக் வான் ரீலின் முறை, ஆண்ட்ரூ மார்ட்டனின் கை வழியாக 2.5 தொடரில் இடம்பெற்றது. முந்தைய ஆண்டு வெளியேற்றப்பட்டவரின் சிந்தனை, நம்பிக்கைக்குரிய மற்றொருவர் அதைச் சோதித்துச் சிறு கூறுகளாக்கிக் கொடுத்தபோது உள்ளே வந்துவிட்டது.

ஆனால் பிட்கீப்பர் அப்போது சுதந்திர மென்பொருளாக இருக்கவில்லை. மக்வாயின் கம்பெனி அதைக் கெர்னல்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது, மூலநிரலைக் கொடுக்கவில்லை. அத்துடன், போட்டிக் கருவி ஒன்றை உருவாக்குகிறவர் இந்த இலவசப் பிரதியைப் பயன்படுத்தலாகாது என்றும் நிபந்தனை விதித்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் கண்டித்தார். 2002 ஏப்ரலில் டேனியல் பிலிப்ஸ், கெர்னலோடு சேர்த்து வழங்கப்பட்ட பிட்கீப்பர் உபயோகக் குறிப்புகளை நீக்கிவிடும்படி ஒரு பேட்ச்சையே அனுப்பினார். ஆட்சேபத்தைக்கூடப் பரிசீலனைக்குரிய திருத்தமாகவே எழுதும் பழக்கம் அவ்வளவு வேரூன்றிவிட்டது. லினஸ் அதை ஏற்கவில்லை; நன்றாக வேலை செய்யும் கருவியைக் கொள்கைக்காகத் துறக்க அவர் சம்மதிக்கவில்லை.

இரண்டு வரிகள்

பிட்கீப்பரை விரும்பாதவர்களுக்காக, அதிலிருந்து மாற்றங்களைத் தானாகவே நகலெடுத்துத் தரும் 'சி.வி.எஸ்.' களஞ்சியம் ஒன்றையும் மக்வாய் நடத்திவந்தார். 2003 நவம்பரில் அந்த நகலில் மட்டும், மூலத்தில் இல்லாத மாற்றம் ஒன்று புகுந்திருப்பது தெரியவந்தது. இரண்டே வரிகள். ஒரு செயல் தன் துணைச் செயல் முடிவதற்குக் காத்திருக்கும்போது குறிப்பிட்ட இரு குறிகளைச் சேர்த்து அழைத்தால் பிழை என்று சொல்லும் சாதாரணச் சோதனை போலவே அது காட்சியளித்தது. ஆனால், அழைத்தவரின் அடையாள எண், முழு அதிகாரம் உள்ளவருக்கு உரிய பூஜ்யமா என்று கேட்க வேண்டிய இடத்தில் இரண்டு சமக்குறிகளுக்குப் பதில் ஒன்றே இருந்தது. சி மொழியில் இரண்டு சமக்குறி ஒப்பிடும். ஒன்று மதிப்பை ஏற்றிவிடும். ஆகவே அந்த வரி கேள்வி கேட்கவில்லை. அந்த இரு குறிகளோடு அழைக்கிறவர் எவராயினும், அவரை இயந்திரத்தின் சர்வாதிகாரியாக்கியது.

கண்ணால் படித்தவர் பலரும் தாண்டிப் போய்விடக்கூடிய சூழ்ச்சி இது. எனினும் அது அகப்பட்டது முதலில் கண்ணால் அன்று. நகலில் உள்ள ஒவ்வொரு மாற்றமும் மூலத்தில் உள்ள ஒரு மாற்றத்தைச் சுட்டும். இதற்கு அந்தச் சுட்டு இல்லை. யாருடைய பொறுப்பில் வந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லாத மாற்றம் அது, ஆகையால் அது நகலுக்கு வெளியே போகவில்லை. செய்தவர் யார் என்பது கடைசி வரை பகிரங்கமாகவில்லை.

அதே ஆண்டு மார்ச்சில், எஸ்.சி.ஓ. என்னும் கம்பெனி, தன் யூனிக்ஸ் உரிமைகள் லினக்ஸில் மீறப்பட்டதாகக் கூறி, ஐ.பி.எம். மீது 100 கோடி டாலர் நஷ்டஈடு கோரி வழக்குத் தொடுத்திருந்தது. இந்த வரியை எழுதியவர் யார், கொடுக்க அவருக்கு உரிமை உண்டா என்று நீதிமன்றம் கேட்டால், பன்னிரண்டாண்டுக் கடிதக் குவியல்களைக் கிளறித்தான் பதில் தேட வேண்டியிருந்தது. 2004 மே மாதத்தில் லினஸ் ஒரு புதிய நியதியை ஏற்படுத்தினார். நிரலை எழுதியவர், அது தம்முடையது அல்லது தக்க உரிமத்தின் கீழ் பெற்றது என்று உறுதி கூறி, பேட்ச்சின் அடியில் தம் பெயரையும் முகவரியையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதை ஏற்றுக்கொண்டு மேலே அனுப்பும் ஒவ்வொரு பராமரிப்பாளரும் தம் கையொப்பத்தை அதன் கீழ் சேர்க்க வேண்டும். 2002இல் லினஸ் வாயால் சொன்ன நம்பிக்கைச் சங்கிலி, இப்போது ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் பெயர்ப் பட்டியலாக எழுத்தில் வந்தது. சட்டத்துக்காகப் பிறந்த இந்தப் பட்டியலே நாளடைவில் பரிசீலனையின் பதிவேடும் ஆயிற்று. படித்து ஆராய்ந்தவர், ஓட்டிச் சோதித்தவர், ஆட்சேபம் இல்லை என்றவர் ஆகியோருக்கும் அதில் தனித்தனி வரிகள் பின்னர் ஏற்பட்டன.

கிட்

2005இல் பிட்கீப்பர் ஏற்பாடு உடைந்தது. கான்பெராவில் வசித்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், சாம்பா மென்பொருளை எழுதியவர், பிட்கீப்பர் வைத்திருக்கும் வரலாற்றை அந்தக் கருவி இல்லாமலே எடுக்கும் நிரல் ஒன்றை எழுத முற்பட்டார். மக்வாய் அதை நிபந்தனைக்கு விரோதமென்று கருதி, இலவச உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கான்பெராவில் அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த லினக்ஸ் மாநாட்டில் டிரிட்ஜெல், பிட்கீப்பர் சேவகக் கணினியோடு நேரே இணைந்து, உதவி கேட்டுத் தட்டினால் அதுவே தன் கட்டளைகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறது என்று சபையோர் முன் செய்து காட்டினார்.

லினஸ் ஏப்ரல் 3ஆம் தேதி புதுக் கருவி ஒன்றை எழுதத் தொடங்கினார். 7ஆம் தேதி அந்தக் கருவியின் நிரலே அந்தக் கருவிக்குள் வைக்கப்பட்டது. அதுதான் கிட். ஒவ்வொரு மாற்றமும் தன் உள்ளடக்கத்திலிருந்தும் முந்தைய மாற்றத்தின் பெயரிலிருந்தும் கணக்கிடப்பட்ட நாற்பது எழுத்துப் பெயரைப் பெறும். பழைய வரலாற்றில் ஓர் எழுத்தை எவரேனும் மாற்றினாலும் பின்னுள்ள பெயர்கள் அனைத்தும் மாறிப்போகும். 2003இல் நகலில் நடந்தது போன்ற காரியத்தை இனி மறைவாகச் செய்ய இயலாது. 16ஆம் தேதி கெர்னல் முழுவதும் கிட்டில் ஏறியது. மூன்று ஜிகாபைட்டுக்கு மேல் வரும் பழைய வரலாற்றைச் சுமந்து வராமல், 2.6.12இன் முன்பதிப்பிலிருந்து புதிதாகக் கணக்குத் தொடங்கினார். ஜூனில் 2.6.12 வெளிவந்தது. ஜூலையில் கிட்டின் பராமரிப்பை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டுக் கெர்னலுக்குத் திரும்பினார்.

கிட்டின் புகழ் பின்னாளில் கெர்னலின் எல்லையைக் கடந்து பரவியதால், இந்த ஏழாண்டுப் பிரச்சினையைத் தீர்த்தது ஒரு கருவிதான் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சம்பவங்களின் வரிசை வேறொன்றைச் சொல்லுகிறது. நம்பிக்கையின் வழியே வேலை நடக்கிறது என்பது 2002இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. பொறுப்பேற்கிறவர் பெயரெழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது 2004இல் நியதியாயிற்று. கிட் வந்தது அதற்கு மறு ஆண்டில். மனிதர்கள் முன்பே செய்துகொண்ட ஏற்பாட்டை விரைவாகவும் அழியாமலும் நடத்தியதே அதன் பெருமை. மௌனமும் அடியோடு ஒழிந்துவிடவில்லை. இன்றும் பதில் வராத பேட்ச்கள் உண்டு. ஆனால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இன்னார் என்று விரல் நீட்டிக் காட்டலாம். அவரும் மௌனம் சாதித்தால் அவருக்கு மேலுள்ளவரிடம் முறையிடலாம். 1998இல் அந்த வசதி தெளிவாக இருந்ததில்லை.

இந்தச் சங்கிலிக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு மாற்றம் தகுமா தகாதா என்று கேட்டால் அது நன்றாகவே விடை சொல்லும். ஒரே வேலைக்கு இருவர் இரண்டு நல்ல முறைகளைக் கொண்டுவந்து, அவர்களுள் ஒருவர் அந்தத் துறையின் பராமரிப்பாளராகவே இருந்துவிட்டால், நடுநிலையில் நின்று தீர்ப்பளிப்பவர் யார்? 2007ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து நிபுணராகத் தொழில் புரிந்த கான் கோலிவாஸ் எழுதிய ஷெட்யூலருக்கும் (செயல்களுக்குச் செயலியின் நேரத்தைப் பங்கிடும் பகுதி), இங்கோ மோல்னார் எழுதியதற்கும் இடையில் அந்தக் கேள்வி எழுந்தது. அந்த வழக்கை அடுத்த அத்தியாயத்தில் விசாரிப்போம்.